விண்கப்பல் எப்படி மூழ்கும்? வரைய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அனிமேஷன் படிப்பில் கடைசி வருடம். தேர்வுக்காக 4 நிமிடக் குறும்படம் ஒன்று செய்கிறேன், முழுக்கக் கையால் வரைவது. ஒரு விண்போர்க்கப்பல் அடிபடுகிறது, அழிகிறது, கதை அவ்வளவுதான். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படம்.

முதல் ஸ்டோரிபோர்டை வகுப்பில் காட்டினேன். குண்டு படுகிறது, திரை வெள்ளையாகிறது, அப்புறம் உருண்டையாக ஒரு வெடிப்பு. சின்ன வயதிலிருந்து எல்லா அனிமேயிலும் பார்த்து வளர்ந்த அதே காட்சி. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கப்பலில் 300 பேர் என்று முதல் காட்சியிலேயே காட்டிவிட்டு, இரண்டு வினாடியில் வெள்ளைத் திரை போட்டால் அந்த 300 பேரைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை என்று ஆகிவிடுகிறது.

நிஜப் போர்க்கப்பல் மூழ்கும்போது என்னதான் நடக்கிறது? அதைச் சரியாகக் காட்டிய அனிமே ஏதாவது உண்டா? தண்ணீரே இல்லாத இடத்தில் மூழ்குவது என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா?


நடுநிசி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஜப்பானிய விண்வெளி அனிமேக்களில் எதிரிக் கப்பல் வெடித்துச் சிதறினாலும் அதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'கெகிச்சின்'. தாக்கி மூழ்கடித்தல் என்று பொருள். 'கோச்சின்' என்று இன்னொரு சொல்லும் வரும். அடிபட்ட சில நொடிகளில், ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போகும் கப்பலுக்குப் பழைய ஜப்பானியக் கடற்படை வைத்த பெயர் அது. கடல் இல்லாத இடத்திலும் கடற்படையின் சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் 1974 அக்டோபரில் தொடங்கிய 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடர் என்பது என் எண்ணம். கதை நடப்பது 2199-இல். காமிலாஸ்காரர்கள் என்ற வேற்றுக்கோள் எதிரிகள் வீசிய குண்டுகளால் பூமியின் கடல்கள் வற்றிவிட்டன. வற்றிய கடல்தரையில், 1945-இல் மூழ்கிய நிஜ ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ துருப்பிடித்துக் கிடக்கிறது. அதற்குள் ஒரு விண்கப்பலைக் கட்டிக் கிளப்புகிறார்கள். இரண்டாவது பகுதியில் 1945 ஏப்ரல் 7 அன்று அது மூழ்கிய காட்சியும் உண்டு. தொலைக்காட்சிக்காக வாராவாரம் வரைந்த படம். ஆனாலும் அந்தக் கப்பல் சாய்வதில் ஒரு கனம் இருக்கும். இன்று பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

முதல் பகுதியில் யூக்கிகாசே என்ற சின்னக் கப்பல், யாரும் கேட்காமலே பின்தங்கி நின்று சண்டை போட்டு அழிகிறது. பிறகு சனியின் டைட்டன் நிலவில் பனியில் புதைந்து கிடக்கும் அதன் உடலைக் கண்டுபிடிக்கிறார்கள். மைத்துளி, உன் படத்துக்கு இது உதவும். அடிபட்ட கப்பல் வெடித்துக் காணாமல் போகாமல், ஒரு பொருளாக எங்கோ கிடக்கிறது. அதைத் தேடிப் போய்த் தொட்டுப் பார்க்க முடிகிறது.


அமரம் எழுதியது:

தூத்துக்குடிக்காரன். 31 வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூம் வேலை, இப்போது ஓய்வு. போர்க்கப்பலில் வேலை பார்த்ததில்லை, ஆனால் தண்ணீர் எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

நடுநிசி தம்பி சொன்ன கடல்தரைக் காட்சியில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. துருப்பிடித்த யமாட்டோ நேராக உட்கார்ந்திருக்கும், பீரங்கி மேடைகள் அதனதன் இடத்தில் இருக்கும். அந்த மேடைகளை யாரும் கப்பலோடு போல்ட் போட்டு இறுக்குவதில்லை. உருளைகள் மேல் தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கும். யமாட்டோவில் ஒவ்வொன்றும் சுமார் 2,500 டன். ஒரு நாசகாரிக் கப்பலின் எடை. கப்பல் கவிழ்ந்தால் அவை கழன்று விழுந்தே ஆக வேண்டும். ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சிதைவை 1989-இல் கண்டுபிடித்தபோது நான்கு மேடைகளும் இல்லாமல் வெறும் வட்டக் குழிகள்தான் இருந்தன.

யமாட்டோ கவிழ்ந்தது, வெடிமருந்து அறை வெடித்தது, உடைந்தது. சுமார் 350 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அணியப் பக்கம் ஒரு துண்டு, அமரப் பக்கம் தலைகீழாக இன்னொரு துண்டு. எங்கள் பக்கத்துச் சொல்: கப்பலின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம்.


நடுநிசி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் 1974-இல் வரைந்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. யமாட்டோவின் சிதைவை நீர்மூழ்கி இறக்கி உறுதிப்படுத்தியதே 1985-இல்தான். 2012-இல் அதே கதையைத் திரும்ப எடுத்தவர்கள் இதைத் திருத்திவிட்டார்கள். அதில் பழைய கப்பலைச் செப்பனிடுவதில்லை. புதிதாகக் கட்டிய விண்கப்பலை, எதிரிக்குத் தெரியாமல் இருக்கப் பழைய சிதைவின் வேடத்தில் மறைத்து வைக்கிறார்கள்.


அமரம் எழுதியது:

அது எனக்குத் தெரியாது தம்பி. அப்படியானால் 1974-காரர்கள் மேல் குற்றமில்லை.

மைத்துளியின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஓட்டை விழுந்தவுடன் கப்பல் மூழ்குவதில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒரு பெரிய தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரு கையாலும் தூக்கிப் பாரம்மா. கொஞ்சம் சாய்த்தால் போதும், தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும். ஓடிய எடை இன்னும் சாய்க்கும். நிமிர்த்தப் பார்த்தால் ஒரே வீச்சில் மறுபக்கம் ஓடும். அரைகுறையாகத் தண்ணீர் நிறைந்த அறைகள் உள்ள கப்பல் அந்தத் தாம்பாளம்தான். முழுக்க நிறைந்த அறைகூட அவ்வளவு ஆபத்தில்லை.

நான் இருந்த ஒரு கப்பலில் பாலஸ்ட் டேங்க் (கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் தொட்டி) வால்வு ஒன்று சரியாக மூடாமல், ராத்திரியோடு ராத்திரியாக 6 டிகிரி சாய்ந்துவிட்டது. 6 டிகிரி என்றால் படத்தில் ஒன்றுமே தெரியாது. ஆனால் படுக்கையில் படுத்தவன் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். சமையல்காரர் சோற்றுப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏணியில் இறங்கும்போது கால் வைக்கும் இடம் தவறுகிறது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் மெதுவாகப் பேசினோம். அந்த மெதுவான பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சாய்வை எப்படிச் சரி செய்வது? எதிர்ப்பக்கத்து அறைகளில் நாமே தண்ணீரை விட வேண்டும். யமாட்டோவில் பத்துக்கும் மேற்பட்ட டார்ப்பிடோக்கள் பட்டன, பெரும்பாலும் இடப்பக்கம். ஒரே பக்கமாக அடித்ததால் கப்பல் வேகமாகச் சாய்ந்தது. வலப்பக்கத்தில் அதற்கென்று இருந்த காலி அறைகள் நிறைந்த பிறகும் சாய்வு நிற்கவில்லை. கடைசியில் வலப்பக்கத்து இன்ஜின் ரூமிலும் கொதிகலன் அறைகளிலும் கடல்நீரைத் திறந்துவிட்டார்கள். அங்கே ஆட்கள் வேலையில் இருந்தார்கள். ராடார் பிரிவில் இருந்து உயிர் தப்பிய யோஷிதா மித்சுரு என்ற இளம் அதிகாரி இதை எழுதி வைத்திருக்கிறார்.

நான் இன்ஜின் ரூம்காரன். மேலே இருந்து ஒருவர் அந்த வால்வைத் திறக்கச் சொல்லும் நொடியை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும். மதியம் 12.30-ஐ ஒட்டித் தொடங்கிய தாக்குதல், 2.23-க்குக் கப்பல் இல்லை. 3,000 பேருக்கு மேல் போனார்கள். தப்பியவர்கள் 300 பேர்கூட இல்லை. நீ வெள்ளைத் திரையில் இழந்தது அந்த இரண்டு மணி நேரத்தை.


மைத்துளி எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் தாம்பாளம் தேடி, கிடைக்காமல் பெயிண்ட் கலக்கும் டிரேயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நிமிர்த்தவே முடியவில்லை, கையே அதன் போக்கில் போகிறது. அந்த அசைவை 24 படமாக வரைந்து வைத்திருக்கிறேன். நன்றி.

6 டிகிரி சாய்வில் மெதுவாகப் பேசினோம் என்றீர்களே, அது படத்தில் வரும்.


வடகரை எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாக் கப்பலும் மெதுவாகத்தான் சாகும் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் போர்க்கப்பல் ஹூட் 1941 மே 24 அன்று மூன்று நிமிடத்தில் போனது. 1,418 பேரில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அதே வருடம் நவம்பர் 25 அன்று இன்னொரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் பார்ஹாம் மூன்று டார்ப்பிடோ வாங்கி, நான்கைந்து நிமிடத்தில் பக்கவாட்டில் உருண்டு, அப்படியே வெடித்தது. 862 பேர் இறந்தார்கள். பக்கத்துக் கப்பலில் இருந்த ஒளிப்பதிவாளர் அதை முழுவதும் படம் பிடித்திருக்கிறார். மைத்துளி அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சாயும் கப்பலின் வயிற்றுப் பக்கத்தில் எறும்பு போல ஆட்கள் நடந்து ஏறிக்கொண்டிருப்பார்கள். மறு நொடி கறுப்புப் புகை. அனிமேயின் உருண்டை வெடிப்பு பொய் என்று ஒதுக்க வேண்டாம். வெடிமருந்து அறைக்குள் தீ போனால் அது நடக்கும்.


அமரம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பார்ஹாமிலும் அந்த நான்கு நிமிடம் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.


நடுநிசி எழுதியது:

விண்வெளி அல்லாத அறிவியல் புனைவு அனிமே ஒன்று: 'ஜிபாங்', 2004-இல் தொடங்கிய 26 பகுதித் தொடர். இன்றைய ஜப்பானின் மிராய் என்ற ஏஜிஸ் கப்பல் (நவீன ராடாரும் ஏவுகணைகளும் உள்ள போர்க்கப்பல்) புயலில் சிக்கி 1942 ஜூன் மாத மிட்வே சண்டைக்குள் போய்ச் சேர்கிறது. ஒரு கட்டத்தில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வாஸ்ப்பின் விமானங்கள் மிராயைத் தாக்க, மிராய் ஒரு டோமஹாக் ஏவுகணையை விட்டு வாஸ்ப்பை மூழ்கடிக்கிறது. ஒரே ஏவுகணையில் ஒரு விமானந்தாங்கி மூழ்குமா என்று பல காலமாக எனக்குச் சந்தேகம். அமரம் ஐயா போன்றவர்கள் சொல்ல வேண்டும்.


கல்லடியான் எழுதியது:

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். விமானந்தாங்கி பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன். எங்களுடைய கடலில் ஒன்று கிடக்கிறது: பிரிட்டனின் ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையை விட்டு வெளியேறி மட்டக்களப்புக்கு அப்பால் வந்தபோது ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்துவிட்டன. அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. குண்டுகள் மேல் குண்டுகளாக விழுந்து, அரை மணி நேரம்கூடத் தாங்காமல் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும் போனது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து சுமார் 600 பேரை ஏற்றிக்கொண்டது.

இப்போது அது 50 மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருக்கிறது. என்னுடைய சித்தப்பா கடற்றொழில் செய்தவர். அந்த இடத்தில் மீன் அதிகம், ஆனால் வலை சிக்கினால் வலையை மறந்துவிட வேண்டும் என்பார். சிறு வயதில் அவருடன் போனபோது படகின் இன்ஜினை நிறுத்தி, இதற்குக் கீழேதான் என்று காட்டினார். வெறும் நீலத் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நடுநிசி கேட்டதற்கு வருகிறேன். ஒரே குண்டில் விமானந்தாங்கி அழியும். அதற்கு மிட்வேயே சாட்சி. அகாகி 36,000 டன்னுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானந்தாங்கி. 1942 ஜூன் 4 காலையில் அதன் மேல் நேரடியாக விழுந்தது 1,000 பவுண்டுக் குண்டு ஒன்றே ஒன்றுதான். ஆனால் கீழே விமானங்களை நிறுத்தும் ஹாங்கரில் எரிபொருள் நிரப்பி, டார்ப்பிடோ மாட்டிய விமானங்கள் நின்றன. டோமஹாக்கின் வெடிமருந்துத் தலையும் ஏறக்குறைய அதே 1,000 பவுண்டு எடைதான். ஜிபாங்கின் கணக்கு தவறில்லை.

அதில் எனக்கு உடன்பாடில்லாதது நேரம். அகாகி காலையில் குண்டு வாங்கியது, பகலும் இரவும் எரிந்தது, ஆனால் மூழ்கவில்லை. மறுநாள் விடியும் நேரத்தில் அதனுடைய சொந்த நாசகாரிகளே டார்ப்பிடோ அடித்து மூழ்கடித்தன. நிஜ வாஸ்ப்பும் அப்படித்தான். 1942 செப்டம்பர் 15 பிற்பகலில் ஜப்பானின் ஐ-19 நீர்மூழ்கியின் மூன்று டார்ப்பிடோக்கள் பட்டன. தீயணைக்கும் குழாய்கள் உடைந்து முன்பக்கம் தண்ணீரே வரவில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் கப்பலைக் கைவிட்டார்கள். ஆனால் அது இரவு 9 மணி வரை மிதந்துகொண்டே எரிந்தது. கடைசியில் லான்ஸ்டவுன் என்ற அமெரிக்க நாசகாரியே அதை அடித்து அனுப்பி வைத்தது.

தன் கப்பலைத் தானே சுட வேண்டிய அந்த வேலையை எந்த அனிமேயாவது நின்று நிதானமாகக் காட்டியிருக்கிறதா? நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.


மைத்துளி எழுதியது:

கல்லடியான் அண்ணா, நீலத் தண்ணீர் பற்றி எழுதியதை மூன்று தடவை படித்தேன்.


அமரம் எழுதியது:

கல்லடியான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தைஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கி, 1944 ஜூன் 19. காலையில் ஒரே ஒரு டார்ப்பிடோ. கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது, வேகம்கூடப் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் எரிபொருள் தொட்டி கசிந்து வாடை பரவியது. வாடையை வெளியேற்றலாம் என்று காற்றோட்ட விசிறிகளை முழு வேகத்தில் போட்டார்கள். விசிறிகள் அந்த ஆவியைக் கப்பல் முழுவதும் கொண்டு போய்ச் சேர்த்தன. ஆறு மணி நேரம் கழித்து ஒரு பொறி. முடிந்தது.

வெளியே எந்தக் காயமும் தெரியாத கப்பல், உள்ளே எல்லோருக்கும் தலை வலிக்கிறது, கண் எரிகிறது, ஆனால் வேலை நடக்கிறது. இதை வரைந்தால் பார்ப்பவனுக்கு மூச்சு முட்டும். விண்கப்பலிலும் காற்றோட்டக் குழாய் இருக்கும்தானே.


சுழி எழுதியது:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். விண்வெளிப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெற்றிடத்தில் நடக்காதவை முதலில். சுற்றிக் காற்று இல்லாததால் வெடிப்பின் அதிர்வலை பக்கத்துக் கப்பலை ஆட்டாது. சிதறிய துண்டுகள்தான் போய் அடிக்கும். சத்தம் பரவாது. நெருப்பு, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீரும்வரைதான். ஓட்டை பெரிதானால் தீ தானாக அணையும். புகை மேலே போகாது, ஏனென்றால் மேல் என்று ஒன்று இல்லை. வேகமாக வந்த கப்பல் உடைந்த பிறகும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். துண்டுகள் நிற்காது. அனிமேயில் வெடித்த கப்பல் அந்த இடத்திலேயே நின்று மெதுவாகக் கீழே சரிவதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது அதுதான். அது கடலின் நினைவு. ஒரு கோளின் அருகே தாழ்ந்த சுற்றுப்பாதையில் வேகத்தை இழந்தால் மட்டும் கப்பல் உண்மையிலேயே கீழே இறங்கும். மூழ்குவதற்கு நெருங்கிய பொருள் விண்வெளியில் அதுதான்.

நடந்தவை இரண்டு உண்டு. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இன் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. தீப்பிழம்பு இல்லை. ஒரு சத்தம், ஒரு உதறல். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏதோ ஒரு வாயு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மின்சாரம் குறைந்தது, குளிர் ஏறியது, மூச்சில் வெளிவந்த கரியமில வாயு சேர்ந்தது. மூன்று பேரும் திரும்பி வந்தார்கள் என்றாலும், அடிபட்ட விண்கப்பல் எப்படிச் சாகத் தொடங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. காற்று, மின்சாரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாகக் குறையும்.

இரண்டாவது ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையம். 1997 ஜூன் 25 அன்று, சுமார் 7 டன் எடையுள்ள புரோகிரஸ் சரக்கு விண்கலத்தைக் கையால் இயக்கி இணைத்துப் பார்க்கும் சோதனை. அது தவறி வந்து ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதியது. ஓட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் வசிலி சிப்லியேவ், அலெக்சாண்டர் லசூத்கின், மைக்கேல் ஃபோல். காது அடைத்ததை வைத்தே காற்று போகிறது என்று புரிந்துகொண்டார்கள். ஸ்பெக்டரின் கதவை மூடிவிட்டால் மற்றப் பகுதிகள் பிழைக்கும். மூட முடியவில்லை. கதவு வழியாக மின்சாரக் கேபிள்களையும் குழாயையும் இழுத்து விட்டிருந்தார்கள். லசூத்கினும் ஃபோலும் அவற்றைக் கழற்றியும் வெட்டியும் எடுத்தார்கள். பிறகு ஒரு மூடியைக் கொண்டு வந்து வாயில் வைத்தார்கள். காற்று வெளியே இழுத்த இழுப்பே அந்த மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஸ்பெக்டரின் சூரியத் தகடுகள் போனதால் மின்சாரத்தில் பெரும்பகுதி போனது. நிலையம் மெல்லச் சுழன்றது, இருண்டது. ஃபோல் ஜன்னலில் கையை நீட்டிக் கட்டை விரலை நட்சத்திரங்களுக்கு நேராக வைத்து, எவ்வளவு வேகத்தில் சுழல்கிறோம் என்று கணக்குச் சொன்னார். கணினி எல்லாம் இருந்த காலத்தில், இருட்டில், கட்டை விரல். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கையை நீட்டிப் பார்க்கிறார்கள்.


நடுநிசி எழுதியது:

சுழி சார், 1983-இல் வந்த யமாட்டோ படத்தில் நிஜமாகவே விண்வெளியில் தண்ணீர் வருகிறது. அக்குவேரியஸ் என்ற நீர்க்கோளின் தண்ணீர் பூமியை மூழ்கடிக்கப் பார்க்க, யமாட்டோ குறுக்கே நின்று தன்னையே வெடிக்க வைத்துத் தடுக்கிறது. கடைசியில் அதன் அணியம் நிமிர்ந்து நின்று அந்தத் தண்ணீருக்குள் இறங்கும். இயற்பியல் கணக்கில் நிற்காது என்று தெரியும். ஆனால் ஒரு போர்க்கப்பலுக்கு உரிய சாவைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, கடல் இல்லாத இடத்தில் கடலையே கொண்டு வந்தார்களே, அந்த மனசை நான் மதிக்கிறேன்.


வடகரை எழுதியது:

எனக்கு அதில்தான் வருத்தம். 1945-இல் யமாட்டோவை விமானப் பாதுகாப்பே இல்லாமல் ஒக்கினாவாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வராது என்று அனுப்பியவர்களுக்குத் தெரியும். கூடப் போன யாஹகி என்ற போர்க்கப்பலும் நான்கு நாசகாரிகளும் மூழ்கின. அத்தனை உயிர்களும் ஒரு கட்டளைக்காகப் போயின. அதையே திரும்பத் திரும்ப அழகான தியாகமாக வரைந்தால், அந்தக் கட்டளையைக் கொடுத்தவர்களைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது. கப்பல் எப்படிச் சாய்ந்தது என்பதில் உண்மையாக இருப்பவர்கள், எதற்காகப் போனது என்பதிலும் உண்மையாக இருக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் போன நிஜ யூக்கிகாசே தப்பித்துத் திரும்பியது. போரே முடிந்த பிறகும் மிதந்தது, 1947-இல் சீனக் குடியரசுக்குக் கொடுக்கப்பட்டு வேறு பெயரில் ஓடியது. தொடரில் முதல் பகுதியிலேயே அழியும் கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பிழைத்ததன் கதை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.


நடுநிசி எழுதியது:

யூக்கிகாசே பற்றி நீங்கள் சொன்னதை நான் இத்தனை வருடத்தில் யோசித்ததே இல்லை. தியாகக் காட்சிகள் பற்றி உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. 1974 தொடரே ஒரு கட்டத்தில் எதிரிக் கோளை அழித்துவிட்டு, நாம் செய்ய வேண்டியது இதுவல்ல என்று அழுகிறது. ஆனால் 1983 படத்தைப் பொறுத்தவரை உங்கள் வருத்தம் நியாயம்.

கதவு பற்றி சுழி சார் சொன்னதும் 1990-இல் ஜப்பானின் என்.ஹெச்.கே. தொலைக்காட்சியில் வந்த 'நாடியா' தொடர் நினைவுக்கு வந்தது. நாட்டிலஸ் நீர்மூழ்கி அடிபட்டு, இயந்திரப் பகுதியில் நச்சு வாயு கசிகிறது. உள்ளே ஆள் இருக்கும்போதே கேப்டன் கதவை மூடச் சொல்கிறார். உள்ளே இருப்பவன் முதலில் சரி என்கிறான், தைரியமாகப் பேசுகிறான். கடைசியில் வாழ வேண்டும் என்று கதறுகிறான். வெளியே ஒரு சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அந்தப் பகுதியில் கப்பல் மூழ்கக்கூட இல்லை. ஆனால் இதுவரை பேசியவற்றில் எனக்கு மிக உண்மையாகப் பட்டது அதுதான். யமாட்டோவின் வலப்பக்க இன்ஜின் ரூமும் இதுவும் ஒன்றே.


அமரம் எழுதியது:

சுழி சாரின் மீர் கதையைப் படித்ததிலிருந்து ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி எழுந்து எழுதுகிறேன்.

யமாட்டோ வகையில் மூன்றாவதாகக் கட்டத் தொடங்கி, விமானந்தாங்கியாக மாற்றிய கப்பல் ஷினானோ. 1944 நவம்பர் 28 அன்று யோகோசுகாவிலிருந்து கிளம்பியது. வேலை முடியவில்லை. தண்ணீர் புகாத கதவுகள் பல இன்னும் பொருத்தப்படவில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவே கேபிளும் குழாயும் போவதற்குப் போட்ட ஓட்டைகள் அடைக்கப்படவில்லை. மறுநாள் அதிகாலை ஆர்ச்சர்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி விட்ட நான்கு டார்ப்பிடோக்கள் பட்டன. முழுதாக முடிந்த யமாட்டோ வகைக் கப்பல் நான்கைத் தாங்கும். இதில் தண்ணீர் அறை அறையாக, அடைக்காத ஓட்டைகள் வழியாக நடந்து போனது. சுமார் ஏழரை மணி நேரம் கழித்து, முற்பகலில் மூழ்கியது. 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கவனித்தீர்களா? ஷினானோவிலும் கேபிள் போகும் வழி, மீரிலும் கேபிள் போகும் வழி. 53 வருட இடைவெளி, ஒன்று கடல், ஒன்று வெற்றிடம். நான் பார்த்த கப்பல்களிலும் இதே கதைதான். அவசரத்துக்கு ஒரு விளக்கு வேண்டும், ஒரு விசிறி வேண்டும் என்று கதவு வழியாக ஒயரை இழுப்பார்கள். ஒரு நாளைக்கு என்று போட்ட ஒயர் ஒரு வருடம் கிடக்கும். கதவு திறந்தே நிற்கும். நானே அப்படி ஒயர் இழுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறேன்.

மைத்துளி, உன் கப்பலில் பெரிய குண்டு எதுவும் வேண்டாம். ஒரு ஒயர் போதும்.


சுழி எழுதியது:

அமரம் ஐயா, மீரையும் ஷினானோவையும் இப்படிச் சேர்த்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.


மைத்துளி எழுதியது:

ஒரு வாரமாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். பழைய ஸ்டோரிபோர்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைந்துகொண்டிருந்தேன். இப்போது இப்படி இருக்கிறது:

முதல் அரை நிமிடம். கப்பலின் அடித்தளத்தில் ஒரு பையன், புதிதாக வேலையில் சேர்ந்தவன். அவனோடு வேலை செய்யும் வயதானவருக்கு வெளிச்சம் போதவில்லை. பக்கத்துப் பகுதியிலிருந்து கதவு வழியாக ஒயர் இழுத்து ஒரு விளக்குப் போட்டுக் கொடுக்கிறான். அவர் அவன் தோளில் தட்டுகிறார். அவ்வளவு.

மோதலை வெளியிலிருந்து காட்டவே போவதில்லை. ஒரு உதறல், எல்லோரும் காதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் மெதுவான பேச்சு, 6 டிகிரி அன்று அமரம் ஐயா கேட்டது போல. தூசியும் காகிதத் துண்டுகளும் ஒரே திசையில் நகரத் தொடங்குகின்றன. தாம்பாளத் தண்ணீருக்காக வரைந்த 24 படங்களை இந்தத் தூசிக்குப் பயன்படுத்திவிட்டேன். ஜன்னலில் நட்சத்திரங்கள் சாய்ந்து ஓடுகின்றன, யாரோ கட்டை விரலை நீட்டுகிறார்கள். கதவை மூடச் சொல்லிக் குரல் வருகிறது. பையன் ஓடிப் போய்த் தள்ளுகிறான். கதவு ஒயரில் முட்டி நிற்கிறது. உள்ளே அந்த விளக்கு இன்னும் எரிகிறது, அவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார், திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கு அடுத்து என்ன என்று இரண்டு விதமாக வரைந்து வைத்திருக்கிறேன். வடகரை அண்ணா சொன்னதால் இரண்டாவது விதத்தில் அவர் வெளியே வந்துவிடுகிறார். அதைத்தான் எடுப்பேன் என்று தோன்றுகிறது.

அமரம் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். பையன் கையில் கத்தி இருக்கிறது. ஓடும் மின்சாரத்தோடு அந்த ஒயரை வெட்டுவானா, அல்லது மறுமுனை வரை போய்ப் பிடுங்குவானா?


அமரம் எழுதியது:

மறுமுனை எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும், அவன்தானே இழுத்தான். ஆனால் அவ்வளவு தூரம் ஓட நேரமில்லை. வெட்டுவான். பொறி பறக்கும், கை சுடும், விளக்கு அணையும். விளக்கு அணைந்ததும்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.


மைத்துளி எழுதியது:

அந்த வரிசையிலேயே வரைகிறேன் ஐயா. பொறிக்கு மட்டும் 12 படம் ஒதுக்கியிருக்கிறேன்.